முகம் தராத பாட்டு

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. கூட்டம் முடிந்து, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, சட்டம் படிக்கிற ஒரு தம்பியின் அறையில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். தூக்கம் வரவில்லை. தம்பி தன் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டான். பழைய ரிக்கார்டு கீறல் விழுந்து கரகரக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு அக்கார்டியன், மூச்சிரைக்கிற கிழவியைப் போல இழுத்து இழுத்து ஒரே இடத்தில் சுற்றுகிறது. அதன்மேல் ஒரு கட்டைக் குரல். கத்தவில்லை, அவசரப்படவில்லை, யாருக்கோ அல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போல் போகிறது. ரெண்டு நிமிஷத்தில் சட்டென்று நின்றுவிட்டது.

தம்பியின் பெரியப்பா எங்களோடு இருந்தார். ஒரு காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர்போன பறைக்காரர். போனை வாங்கி அட்டைப்படத்தைப் பார்த்தார்.

"இன்னாடா இது, இரும்புல மூஞ்சி?"

"முகமூடி பெரீப்பா. அவரு மூஞ்சியக் காட்டமாட்டாரு."

"ஏன் காட்டமாட்டான்? கறுப்பன்னு தெரிஞ்சிடும்னு வெக்கமா?"

"கறுப்பருன்னு உலகத்துக்கே தெரியும் பெரீப்பா."

"அப்புறம் எதுக்குடா மூடிக்கினு பாடறான்?"

தம்பியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

அந்த ஆல்பத்தின் பெயர் 'மேட்வில்லனி'. 2004 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஸ்டோன்ஸ் த்ரோ என்கிற சின்னக் கம்பெனி வெளியிட்டது. பாடியவர் எம்.எஃப். டூம். இசையமைத்தவர் மேட்லிப். ரெண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் மேட்வில்லன், அதாவது கிறுக்கு வில்லன். 22 துண்டுகள், மொத்தம் முக்கால் மணி நேரம். ஹிப்-ஹாப்பில் 'அண்டர்கிரவுண்ட்' என்று ஒரு வகையைச் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளின் காசு இல்லாமல், ரேடியோ கேட்கிற அளவுக்கும் அச்சுக்கும் தன்னை வெட்டிக்கொள்ளாமல், ரிக்கார்டுக் கடைகளும் மாணவர் வானொலிகளும் கைமாற்றும் கேசட்டுகளுமாய் வளர்ந்த இசை அது. அந்த வகையில் இன்றைக்கும் முதலில் சொல்லப்படுகிற சில பெயர்களில் இது ஒன்று. இதில் ஒரு பகுதி நிஜமாகவே தரைக்குக் கீழே உருவானது. அவர்கள் வேலை செய்த வீட்டில், குண்டுவீச்சுக்குப் பயந்து எவரோ கட்டிவைத்த கான்கிரீட் நிலவறை இருந்தது. மேட்லிப்பின் பட்டறை அதுதான்.

இந்த முகமூடி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பெரியவரின் கேள்வியைத் தொட முடியாது.

டூமின் இயற்பெயர் டேனியல் டுமிலே. 1971இல் லண்டனில் பிறந்தவர். அம்மா டிரினிடாட்காரர், அப்பா ஜிம்பாப்வேக்காரர். குழந்தையாய் இருக்கும்போதே அமெரிக்கா போய் நியூயார்க்குக்குப் பக்கத்து லாங் அய்லண்டில் வளர்ந்தார். தம்பி சப்ராக்கோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவை நடத்தினார். அப்போது அவருக்கு முகமூடி கிடையாது. ஜெவ் லவ் எக்ஸ் என்று பெயர். 1991இல் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி வழியாக முதல் ஆல்பம் வந்தது. சிரிப்பும் கேலியும் அரசியலுமாய் சில இளைஞர்கள்.

1993 ஏப்ரலில் தம்பி சப்ராக் சாலையைக் கடக்கையில் கார் மோதிச் செத்தார். இருபது வயதுகூட ஆகவில்லை. அண்ணன் தனியாக இருந்து இரண்டாவது ஆல்பத்தை முடித்தார். 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். அட்டையில் ஒரு கார்ட்டூன்: 'சாம்போ' உருவம் தூக்கில் தொங்குகிறது. சாம்போ யாரென்றால், கரியாய்க் கறுத்த முகம், தடித்த உதடு, உருட்டிய முழி என்று வெள்ளைக்காரர்கள் கறுப்பரைக் கேலிசெய்ய வரைந்து வைத்த பொம்மை. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பராய் நடித்துச் சிரிக்கவைத்த மேடைகளின் வாரிசு. அந்தப் பொம்மையைத்தான் இவர்கள் தூக்கில் போட்டார்கள். எங்கள்மேல் மாட்டப்பட்ட முகமூடி சாகட்டும் என்பதே அந்தப் படம். ஆனால் கண்டனம் எழுந்தது. கறுப்பரைத் தூக்கிலிடுவதாகப் படிக்கப்பட்டது. 1994இல் கம்பெனி ஆல்பத்தை வெளியிடாமலே அவரைக் கைகழுவிவிட்டது. தம்பி செத்து ஏறக்குறைய ஒரு வருஷத்தில், தம்பியின் கடைசி வேலையும் புதைக்கப்பட்டது.

அதன்பிறகு சில ஆண்டுகள் அவரைக் காணவில்லை. 1990களின் கடைசியில் மன்ஹாட்டனில் நியுயோரிக்கன் கவிஞர்கள் கஃபேயின் மேடையில் ஒரு ஆள் ஏறினார். முகத்தில் பெண்கள் அணியும் காலுறையை இழுத்து மாட்டியிருந்தார். அவர்தான். துணி முகமூடி பிறகு இரும்பு முகமூடி ஆனது. மார்வெல் படக்கதைகளில் வருகிற டாக்டர் டூம் என்கிற வில்லனிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். 1999இல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' வந்தது. அய்ந்து வருஷம் கழித்து 'மேட்வில்லனி'.

வரிசையைக் கவனியுங்கள். அடுத்தவன் மாட்டிய முகமூடியைக் கொல்லப் பார்த்தார், விடவில்லை. சொந்த முகத்தோடு நின்றபோது அவர் சொன்னது தப்பாகவே படிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் தன் கையாலேயே ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டார். ஃபனான் 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' எழுதினார். அவர் பேசிய முகமூடி, ஆண்டவனைப் போல் ஆகிவிட ஆசைப்பட்டு அடிமைப்பட்டவன் மாட்டிக்கொள்வது. டூமின் முகமூடி அந்த வகையில் சேராது. அது வெள்ளையாய் இல்லை, அழகாய் இல்லை, யாரைப் போலவும் ஆவதற்கு ஆசைப்படவில்லை. பார்க்க வருகிறவன் கண்ணுக்கு எதிரே இழுத்துச் சாத்திய இரும்புக் கதவு அது.

இப்போது அந்தச் சத்தத்தைப் பற்றி.

மேட்லிப் ஆக்ஸ்நார்டில் பிறந்தவர். பழைய இசைத்தட்டுகளைத் தேடுவது அவருக்குத் தொழில், பைத்தியம், படிப்பு எல்லாமே. 2002இல் பிரேசிலுக்குப் போனார். அங்கே ஹோட்டல் அறையில் ஒரு சின்ன சாம்ப்ளர் கருவி, கையில் தூக்கிப்போகும் ரிக்கார்டு பிளேயர், ஒரு கேசட் ரிக்கார்டர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தின் தாளங்கள் பலவற்றைச் செய்தார். ஒரு பழைய தட்டிலிருந்து நாலு நொடியை அறுத்தெடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதுதான் முறை. பிரேசில் பாடகி மரியா பெத்தானியாவின் குரல், பில் எவன்ஸின் ஜாஸ் பியானோ, ஜென்டில் ஜெயன்ட் என்கிற ஆங்கிலேய ராக் குழு எல்லாம் இதற்குள் துண்டு துண்டாய்க் கிடக்கின்றன. தூசியைத் துடைக்கவில்லை. ஊசி உரசுகிற சத்தம், தேய்மானம், பழைய கார்ட்டூன்களிலும் படங்களிலும் இருந்து எடுத்த பேச்சு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் நடுராத்திரியில் சுவர் வழியாகக் கசிகிற மாதிரி இருக்கிறது. குடிசையில் வளர்ந்தவருக்கு இது புரியும். நம் தெருவில் எந்தச் சத்தமும் தனியாய் வந்ததில்லை.

பாட்டுகளில் பல்லவி அனேகமாகக் கிடையாது. திரும்பி வருவதற்கு ஒரு வீடு இல்லாத பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவன் கூடச் சேர்ந்து பாட ஒரு வரிக்காகக் காத்திருப்பான். அதற்குள் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். டூமின் சொல்முறையும் அப்படித்தான். எதுகைமேல் எதுகை. ஒரு சொல் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. அர்த்தம் கொஞ்சம் பின்தங்கி, நொண்டிக்கொண்டே வந்து சேர்கிறது. ஆல்பம் வெளிவருவதற்கு ஓராண்டுக்கும் முன்பே அதன் முதல் பிரதி இணையத்தில் திருட்டுத்தனமாய்க் கசிந்துவிட்டது. இருவரும் சோர்ந்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது டூம் தன் பகுதிகளை மறுபடி பாடினார். முன்பு இருந்த வேகமும் எக்களிப்பும் போய், குரல் தணிந்து, கனத்து, நிதானப்பட்டது. இன்று நாம் கேட்பது அந்த இரண்டாவது குரல். ஒரு தடவை பறிகொடுத்தவனின் குரல்.

இந்த 22 துண்டுகளில் காவல் பற்றியும் போர் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. சன் ரா எழுதிய சொற்களைக் கொண்டு ஒன்று உண்டு. தன்னையே தான் ஏமாற்றும் கதை ஒன்று உண்டு: டூம் விக்டர் வான் என்கிற தன் இன்னொரு பெயரில் நின்று, தன் காதலி டூமோடு போய்விட்டதாகத் திட்டுகிறார். சிரிப்பு நிறைய இருக்கிறது. ஆனால் தம்பி செத்த கதையைச் சொல்லும் பாட்டு ஒன்றுகூட இல்லை. கம்பெனி துரத்திய கதையும் இல்லை. காணாமல் போன வருஷங்களின் கணக்கும் இல்லை. ஆனாலும் அந்தத் துக்கம் முழு ஆல்பத்திலும் ஈரமாய் ஊறிக்கிடக்கிறது. அது கதையாக வரவில்லை. கரகரப்பாக வருகிறது, பாதியில் அறுகிற தாளமாக வருகிறது. அந்தச் சின்னக் கம்பெனியும் ஒரு சாவுக்குப் பிறகு எழுந்ததுதான். அதைத் தொடங்கிய பீனட் பட்டர் வுல்ஃப், 1993இல் சுட்டுக் கொல்லப்பட்ட தன் கூட்டாளி சரிஸ்மாவின் பாட்டைக் கொண்டுவந்துதான் 1996இல் ஆரம்பித்தார்.

இங்கேதான் நம்மைத் தொடும் கேள்வி வருகிறது. அடிபட்டவன் காயத்தைத் திறந்து காட்டியே ஆகவேண்டுமா? அது அவன் கடமையா?

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஒப்பாரியின் தாளக்கட்டு பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். எந்த இடத்தில் மூச்சு விழுகிறது, எந்த இடத்தில் மார்பில் அடி விழுகிறது, ஏன் அடியும் மூச்சும் ஒன்றாக விழுவதில்லை என்று ஆறு மாசம் கேட்டு எழுதியது. முடிந்ததும் ஒரு பேராசிரியர் அன்பாகத்தான் சொன்னார்: "உங்க சொந்த அனுபவத்தச் சேர்த்திருந்தா இன்னும் உருக்கமா இருந்திருக்குமே." சபை தலையாட்டியது. அந்தச் சபையில் வேறு யாரிடமும் சொந்த அனுபவம் கேட்கப்படவில்லை. சங்க இலக்கியம் பற்றி வாசித்தவரிடம் அவர் வீட்டில் யார் யாரைத் திண்ணையோடு நிறுத்தினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அவர் ஆய்வாளர். நான் காயம். என் மூளைக்கு அங்கே நாற்காலி இல்லை, என் தழும்புக்கு மட்டும் இருக்கிறது.

அதற்காகத் தன்வரலாற்றைச் சின்னதாக்குகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அது திறந்த கதவுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். சாட்சியம் நம் ஆயுதம். நம்மைப் பற்றி அவர்கள் எழுதியதை நம் வாயால் அழித்தெழுதியதுதான் அது. ஆனால் ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி. நான் எடுத்து வீசும்போது அது ஆயுதம். நீ கேட்டு நான் கொண்டுவந்து வைக்கும்போது அது படையல்.

இந்த வாதத்தை எழுதி முடித்து இயக்கத்து அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சும்மா விடவில்லை. "மறைக்கறது வேற, தரமாட்டேங்கறது வேறன்னு அழகா எழுதிட்டே. வாடகை வீட்டுக்காரன் முன்னாடி போய் நின்னு பாரு. நீ எந்தத் தெருன்னு அவன் கேக்கறான். சொல்லலன்னா ரெண்டும் ஒண்ணுதான். பேர மாத்திக்கினு, ஊர மாத்திக்கினு வாழறானே நம்ம பையன், அவனுக்கு நீ சாக்கு எழுதித் தர்றியா?"

நியாயமான அடி. யோசித்துப் பார்த்தேன்.

வீடு கிடைக்காமல் தெருப்பெயரை மாற்றிச் சொல்கிற நம் பையன் மாட்டிக்கொள்கிற முகமூடி, எதிரில் இருப்பவன் மாட்டிவிடுவது. அந்த அவமானம் கேட்கிறவனுடையதே தவிர சொல்கிறவனுடையது அல்ல. அவனைக் கோழை என்று திட்டுவது நமக்கு எளிது. மழைக்கு ஒதுங்க இடம் தேடுகிறவன் அவன். ஆனாலும் அந்த முகமூடி 'நான் உன்னைப் போன்றவன்' என்று சொல்கிறது. டூமின் முகமூடி அப்படிச் சொல்லவில்லை. அவர் கறுப்பர் என்பதை அது ஒருநாளும் மூடவில்லை. அவருடைய மொழி, கிண்டல், உச்சரிப்பு எல்லாம் தன் ஜனத்தைச் சேர்ந்தவை. 'நான் யாரென்று உனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கண்ணால் தின்ன முடியாது' என்கிறது அது. ஆகவே முகமூடி போட்டானா இல்லையா என்பதல்ல கேள்வி. அது யாரைப் பார்த்து நிற்கிறது? அதற்குப் பின்னால் இருப்பவன் தன் ஜனத்தோடு இருக்கிறானா, அவர்களை விட்டு ஓடுகிறானா?

இந்த அளவுகோலை வைத்தால் டூமையும் சும்மா விட முடியாது. 2007 வாக்கில் சில நிகழ்ச்சிகளுக்கு அவர் போகவில்லை. வேறொரு ஆளுக்கு முகமூடியை மாட்டி அனுப்பினார். அந்த ஆள் ஓடுகிற ஒலிப்பதிவுக்கு வாயசைத்தார். காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அவர் தரப்பில், இது ஒரு பாத்திரம், இயக்குநர் நான், யாரை வேண்டுமானாலும் நடிக்க வைப்பேன் என்ற வாதம் வைக்கப்பட்டது. சிலர் இதைப் பெரிய கலைத் தத்துவமாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. டிக்கெட் வாங்கியவர்களில் அவரைப் போலவே இருந்த பையன்களும் இருந்திருப்பார்கள், தங்கள் கூலியில் மிச்சம் பிடித்து. மேலே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு முகத்தைத் தராமல் இருப்பது நியாயம். பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பாட்டையே தராமல் காசை வாங்கிக்கொள்வது அநியாயம். முகம் நம் உரிமை. பாட்டு அவர்களுக்குப் பட்ட கடன். முகமூடி முதலாவதைக் காக்கலாம், இரண்டாவதை அடைக்காமல் தப்பிக்க உதவக்கூடாது.

நம்மிலும் இது உண்டு. ஊர்த்தெருவில் வன்கொடுமை நடந்து ஒரு பெண் பெயர் சொல்லிப் புகார் கொடுக்கிறாள். 1989 சட்டம் இருந்தாலும் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அந்த நேரத்தில் 'என் முகத்தைத் தரமாட்டேன்' என்று பக்கத்து வீட்டுக்காரன் ஒதுங்கினால் அதற்குப் பேர் தத்துவம் அல்ல. சாட்சியம் கடமையாவது அங்கே; ஏனென்றால் கேட்பது நம் ஜனம். கருத்தரங்கில் கேட்பது வேறு ஜனம்.

வில்லன் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதையை எழுதியவன் யாரை வில்லன் ஆக்குவான் என்பது நமக்குப் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜோதிராவ் ஃபுலே 1873இல் 'குலாம்கிரி' எழுதினார். அசுரன் என்று சொல்லிப் பூமிக்குள் அழுத்தப்பட்ட பலியை நம் அரசன் என்று மீட்டெடுத்தார். அந்தப் புத்தகத்தை யாருக்குக் காணிக்கை ஆக்கினார்? கறுப்பர்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்கு. 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தங்கள் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே நிலவறையிலிருந்து ஒரு கறுப்பன் 'நான்தான் வில்லன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது அது நமக்கு அந்நியக் குரலாய்க் கேட்கவில்லை. பூமிக்குள் அழுத்தப்பட்டவன் பூமிக்குள்ளிருந்தே பேசுகிறான்.

முகமூடி எல்லாவற்றையும் காக்கவில்லை. 2010இல் அய்ரோப்பாவில் பாடிவிட்டுத் திரும்பியபோது அமெரிக்கா அவரை உள்ளே விடவில்லை. குழந்தையிலிருந்து வாழ்ந்த நாடு. ஆனால் குடியுரிமைக் காகிதம் இல்லை. மனைவி, பிள்ளைகள் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். நீண்டகாலப் பிரிவுக்குப் பிறகுதான் குடும்பம் இங்கிலாந்தில் அவரோடு சேர்ந்தது. 2017இல் பதினாலு வயது மகன் செத்தான். 2020 அக்டோபர் 31இல் அவரும் இறந்தார். குடும்பம் அந்தச் செய்தியை டிசம்பர் 31 அன்றுதான் வெளியே சொன்னது. இரண்டு மாசம் தங்கள் துக்கத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். உலகத்துக்கு அதில் பங்கு கேட்க உரிமை இருந்ததா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ராத்திரிக்குத் திரும்புகிறேன். பெரியவர் பாட்டை மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் தம்பி கேட்டான்:

"பெரீப்பா, நீ ஏன் பறை அடிக்கறத விட்டே?"

"நான் எங்கடா விட்டேன்? ஊர்ச் சாவுக்கு அடிக்கறதத்தான் விட்டேன். வாடான்னா போவணும், அடிடான்னா அடிக்கணும், கீழ குந்தி கஞ்சி வாங்கிக் குடிக்கணும். மாட்டேன்னுட்டேன். அதுக்காக ரெண்டு வருசம் நெலத்துல கால வெக்க விடல. பறைய எரிச்சிடுன்னு நம்ம ஆளுங்களே சொன்னாங்க. எரிக்கல. பரண்மேல வெச்சிருந்தேன். உங்க ஆயா செத்தப்ப எறக்கி அடிச்சேன். ராத்திரி பூரா அடிச்சேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மழை விட்டிருந்தது. பெரியவர் போனை எடுத்து அந்த இரும்பு முகத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"செரிதான். அவனுக்கும் எவனோ அடிடான்னு சொல்லியிருக்கான்," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.